தராசு பார்க்கப் போனவர்கள்

உலகத்தின் பெரிய விமான நிலையங்களில் கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம். இவர்களில் முக்கால்வாசிப் பேர் மீனம்பாக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சிங்கப்பூரில் இறங்கியதும் இடது கைப் பக்கம், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு மாடி கீழே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கட்டடத்துக்குத் தென்மண்டல எடைக்கருவிக் கழகம் என்று பெயர். அரசாங்கக் காசில் நடப்பது. ரேஷன் கடைக்கும் அரிசி மண்டிக்கும் தராசு செய்து கொடுத்துக்கொண்டு சிவனே என்று கிடந்த இடம். எண்பத்தாறில் யாரோ ஒரு மேலதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை நிறுக்கிறார்களே, அந்தத் தராசை நாமே செய்தால் என்ன? நல்ல யோசனைதான். செய்வதற்கு முன் வெளிநாட்டில் அது எப்படி இருக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அடுத்த யோசனை உதித்தது. அதோடு தராசு நின்றது, அதிகாரிகள் கிளம்பினார்கள்.

எட்டு வருடமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

போய்வந்தவர் கேண்டீனில் அனுபவ உரை ஆற்ற வேண்டும் என்பது கழகத்தின் விதி. ஊழியர் எல்லாரும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அதைவிடக் கறாரான விதி. உரை முடிந்தால் ஆளுக்கு ஒரு வெளிநாட்டு மிட்டாய்.

சோதனைப் பிரிவில் இருந்த ஜெயசீலிக்கு இந்த உரைகளில் ஒரு முக்கியப் பொறுப்பு உண்டு. ஸ்லைடு காட்டும் எந்திரத்தை அவள்தான் ஓட்டுவாள். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், எந்திரம் அவளுக்கு வரும் என்று கண்டுபிடித்து அவளிடம் கொடுத்திருந்தார்கள். திருநின்றவூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாஸ்கலின் மகள். அவர்கள் குடும்பத்தில் காலேஜுக்குள் நுழைந்த முதல் ஆள் அவள். வேலை செய்யப் போனவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால்தான். அவளுடைய அத்தை ஒரு காலேஜைப் பதினோரு வருடம் பெருக்கியிருக்கிறாள்.

தொண்ணூற்று நாலு ஜனவரியில் துணை மேலாளர் ராஜசேகரன் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பா போய்விட்டு வந்தார். கேண்டீன் ஜன்னல்களைச் சாத்தினார்கள். திரை இல்லாததால் சமையல்காரரின் துவைத்த வேட்டியைச் சுவரில் கட்டினார்கள். வேட்டியின் கரையில் ஒரு விமானம் வந்து நின்றது. அதற்கு முன்னால் ராஜசேகரன் நின்றார்.

"நண்பர்களே, சிங்கப்பூர் விமான நிலையத்தில் தரை முழுக்கக் கம்பளம். மிதிக்க எனக்கு மனம் வரவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நம் பண்பாட்டை அவர்கள் அன்று புரிந்துகொண்டிருப்பார்கள்."

கைதட்டல். ஜெயசீலி அடுத்த ஸ்லைடைத் தள்ளினாள். நகரும் தரை. அதன்மேல் ராஜசேகரன்.

"ஃபிராங்க்ஃபர்ட்டில் தரை தானாக நடக்கிறது. நாம் நின்றால் போதும், போக வேண்டிய இடம் வந்துவிடுகிறது. அன்று எனக்குள் ஒரு கனவு பிறந்தது. நம் கழகமும் ஒருநாள் இந்த நிலையை எட்ட வேண்டும்."

மறுபடியும் கைதட்டல்.

"ஆம்ஸ்டர்டாமில் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினேன். அந்தத் தூக்கத்தையும் அரசுப் பணியாகவே நான் கருதினேன்."

பொது மேலாளர் மணவாளன் முன்வரிசையில் தலையை ஆட்டி அங்கீகரித்தார். பேச்சு முடிந்து, கேள்வி உண்டா என்று வழக்கம்போல் கேட்டார்கள். வழக்கமாக யாரும் கேட்பதில்லை, மிட்டாய் தாமதமாகும் என்று. எந்திரத்தின் பின்னாலிருந்து ஜெயசீலி கேட்டுவிட்டாள்.

"சார், தராசு எப்படி இருந்துச்சு?"

"எந்தத் தராசும்மா?"

"பெட்டி நிறுக்கிற தராசு சார்."

ராஜசேகரன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இருந்தது. நல்லாவே இருந்தது."

"முள்ளா சார், நம்பர் விழுமா? மேடை தரையோட சமமா இருக்கா, உயரமா இருக்கா?"

ராஜசேகரன் மணவாளனைப் பார்த்தார். மணவாளன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த மாதிரி நுணுக்கமான கேள்விகள் எழுவதால்தான் நண்பர்களே, அடுத்த பயணம் தேவைப்படுகிறது."

அன்றைக்குத் தட்டிய கைதட்டலில் வேட்டி அவிழ்ந்து விழுந்தது.

ஜெயசீலிக்கு வந்தது கோபம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். வந்தது பொறாமை. அதுவும் சில்லறைப் பொறாமை இல்லை, நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டை இறங்கவிடாமல் தடுக்கிற ரகம். ராஜசேகரன் தினமும் ஆபீசுக்கு ஒரு பெட்டியோடு வந்தார். விமானக் கம்பெனி ஒட்டிய சீட்டு கிழியாமல் அதன் கைப்பிடியில் ஆடும். உள்ளே தயிர்சாத டப்பா. விமானத்தில் எடுத்துவந்த சர்க்கரைப் பொட்டலத்தை டீயில் எல்லாரும் பார்க்கக் கிழித்துப் போடுவார். அந்தச் சர்க்கரைமேலும் அவளுக்குப் பொறாமை. எல்லாவற்றையும்விட அவருடைய தூக்கத்தின்மேல். நேர மாற்றக் களைப்பு என்று ஒரு மாதம் மேஜையில் தலைவைத்துத் தூங்க அவருக்கு அனுமதி இருந்தது. திருநின்றவூரிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வருகிறவளுக்கு எந்தக் களைப்பும் அனுமதிக்கப்படவில்லை.

"ஏன்டி நஜ்மா, இத்தனை பேரு போனாங்களே, ஒருத்தர் கண்ணுலயுமா அந்தத் தராசு படல?" என்று நிர்வாகப் பிரிவில் தட்டச்சு செய்யும் நஜ்மாவிடம் கேட்டாள். நஜ்மா பூந்தமல்லிக்காரி. அவள் அண்ணன் ரியாத்தில் இருந்தான்.

"அண்ணனை ஏத்திவுட நான் போயிருக்கேனே. தராசுகிட்ட வர்ற வரைக்கும் எல்லாரும் நல்லாத்தான்டி பேசிகினு வருவாங்க. பெட்டிய மேல வெச்சதும் அல்லாவத்தான் பாப்பாங்க. தராச எவன் பாப்பான்? அதிகமா போச்சுன்னா பெட்டியப் பிரிக்கணும்ல?"

"அப்ப எட்டு வருஷமா கண்ணை மூடிகினுதான் ஆராய்ச்சியா?"

"உனக்கு வயித்தெரிச்சல்டி."

"ஆமா. எரியுது. இன்னா இப்ப?"

நஜ்மா சிரித்தாள். "எனக்கும்தான்."

அந்த மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர் ஒரே ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போனார். இதுவரை போனவர்களில் தராசு தெரிந்தவர் யாராவது உண்டா? கழகம் கலங்கிப் போனது. இப்படி ஒரு கோணத்தில் யாரும் யோசித்ததே இல்லை. மூன்று கூட்டம் போட்டுப் பார்த்தார்கள், வேறு வழி தெரியவில்லை. அடுத்த பயணத்துக்குச் சோதனைப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்புவது என்று முடிவானது. சோதனைப் பிரிவில் இருந்தது இரண்டு பேர். முனியனுக்கு ஓய்வுபெற நாலு மாதம்தான் பாக்கி. மிச்சம் ஜெயசீலி.

தராசைப் பார்க்கத்தான் அவள் துடித்தாள் என்று எழுதினால் அது பொய். அவளுக்கு விமானத்தில் ஏற வேண்டும். ஜன்னலோரம் உட்கார வேண்டும். ஊருக்கு மேலே போய் ஊரைக் குனிந்து பார்க்க வேண்டும். சர்க்கரைப் பொட்டலம் எடுத்துவர வேண்டும். தராசையும் பார்ப்பாள், அது அவள் வேலை. பார்த்துவிட்டு வந்து செய்தும் காட்டுவாள்.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது தெருவே வாசலுக்கு வந்தது. அவள் அம்மா ஞானகுமாரி யாரும் கேட்காமலே எல்லாருக்கும் சொன்னாள். "திருட்டு கேசெல்லாம் இல்லீங்க, ஏரோப்ளேன் கேசு." மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஒருத்தி வந்து, "எங்க ஊட்டுப் பிள்ளைங்களும்தான் படிச்சுதுங்க, இன்னா புண்ணியம்?" என்று பெருமூச்சு விட்டாள். ஜெயசீலி அந்தப் பெருமூச்சைப் பெருமாளுக்குப் போட்ட மாலை மாதிரி, இல்லை, மாதாவுக்குப் போட்ட மாலை மாதிரி வாங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு குளுமையாக இருந்தது அது!

ஆனால் சும்மா அனுப்பிவிட முடியுமா? முன் அனுபவம் இல்லாதவர் வெளிநாட்டு விமான நிலையத்தில் கழகத்தின் மானத்தை வாங்கிவிடக் கூடும். எனவே விமான நிலையப் பழக்கவழக்கப் பயிற்சி ஒன்று வகுக்கப்பட்டது. பயிற்றுநர் ராஜசேகரன். இடம் கேண்டீன்.

டோக்கன் கொடுக்கும் இடத்தில் ராஜசேகரன் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்தான் குடியேற்ற அதிகாரி. தரையில் தார்ப்பாயை விரித்தார்கள். அதன்மேல் ஜெயசீலியை நிற்கச் சொல்லி, பேக்கிங் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்கள். அது நகரும் தரை. அவள் விழுந்தாள்.

"விழுந்தால் 'சாரி' சொல்லணும்" என்றார் ராஜசேகரன்.

"யார்கிட்ட சார்?"

"பொதுவா."

எழுந்து பொதுவாகச் சாரி சொன்னாள். அடுத்து தொப்பிக்காரரிடம் போனாள்.

"வந்த நோக்கம்?"

"தராசு பார்க்க."

"தப்பு! இப்படிச் சொன்னா உள்ளேயே விட மாட்டான். நாங்கல்லாம் என்ன சொன்னோம் தெரியுமா? 'சுற்றிப் பார்க்க'. அதைச் சொன்னப்போ ஒருத்தன்கூட எங்களைச் சந்தேகப்படலை."

மூடி போட்ட தட்டில் சாப்பிடப் பழக்கினார்கள். தள்ளுவண்டியை வலப்பக்கம் திருப்பப் பழக்கினார்கள். வரியில்லாக் கடை என்று ஒரு மேஜையில் காலி சென்ட் பாட்டில்களை அடுக்கி, தொடாமல் பார்க்கப் பழக்கினார்கள். எல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர.

"சார், பெட்டி நிறுக்கிற இடம் எது?"

ராஜசேகரன் சுற்றிலும் பார்த்தார். தராசு செய்கிற இடத்தில், வாசலில் மட்டும் நாற்பது தராசு அடுக்கிக் கிடந்தது. "அது ஒரு நிமிஷ வேலைம்மா. அதுக்கெல்லாம் பயிற்சி வேண்டாம்."

பயிற்சியில் தேறிவிட்டாள். அம்மா சூட்கேசு இரவல் வாங்கிவிட்டாள். அந்த வாரம்தான் மணவாளன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இல்லை என்று கழகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா ஜெயசீலி, உன்னைப் பத்தி மேலிடத்தில் ரொம்ப அக்கறையாப் பேசினாங்க. கல்யாணமாகாத பொண்ணு. ஆறு நாடு. தனியா அனுப்பலாமா?"

"போவேன் சார். தினமும் திருநின்றவூர் ரயில்லயே வர்றேன்."

"ரயில்ல நம்ம ஜனங்க. அங்க யாரு இருப்பான்னு தெரியாதே! அதனால பொறுப்பான மூத்த அதிகாரி ஒருத்தர் துணைக்கு வரணும்னு முடிவாச்சு. நான்தான்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. என்னால மறுக்க முடியல."

"சரி சார்."

"ஆனா பாரு, ஒரு ஆம்பளை அதிகாரி, ஒரு வயசுப் பொண்ணு, ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. உன் பேரு கெட்டுடும். அதனால என் சம்சாரமும் வரணும். உனக்காகத்தான். அவளுக்கு விமானமே ஆகாது, தலை சுத்தும். இருந்தும் ஒத்துகிட்டா."

ஜெயசீலிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கியது. "அப்ப மூணு பேரா சார்?"

"அங்கதான் சிக்கல். அனுமதி ரெண்டு பேருக்குத்தான் இருக்கு." மணவாளன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போலிருந்தது. "லிஸ்டுலேருந்து யாரை எடுக்கிறதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். என்னை எடுத்தா உனக்குப் பாதுகாப்பு இல்லை. என் சம்சாரத்தை எடுத்தா உனக்கு மானம் இல்லை. உன்னை எடுத்தா யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை."

"சார், தராசு?"

"பார்க்கிறோம்மா. ரெண்டு பேர் போறோம்ல. நாலு கண்ணு."

வெளியே வந்தவளை நஜ்மா கேள்வி கேட்கவில்லை. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். "ஏன்டி, சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஜெயசீலி. "எப்டிடி சொல்றது? அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கே ரெண்டு தடவ தப்பு உழுந்துச்சு" என்றாள் நஜ்மா. வீட்டில் ஞானகுமாரி இரவல் சூட்கேசைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டாள். கொடுத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இத்தோடு விட்டிருந்தாலும் ஜெயசீலி அழுது தீர்த்திருப்பாள். கழகம் விடவில்லை. பொது மேலாளரை வழியனுப்ப ஒரு வேன் ஏற்பாடானது. பார்வையாளர்களைக் கம்பிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள் என்பதால், எடை போடும் இடம் வரை உள்ளே போக விமான நிலையத்தாரிடம் எழுதிக் கேட்டு ஒரே ஒரு அனுமதி அட்டை வாங்கியிருந்தார்கள். 'தராசு ஆய்வுப் பணி, உதவியாளர்' என்று போட்டிருந்தது. அந்த உதவியாளர் ஜெயசீலி.

"மீனம்பாக்கம் வரைக்குமாவது நீ போறேல்ல? அதுவும் விமான நிலையம்தானே?" என்றார் ராஜசேகரன், ஆறுதலாக.

வேனை வேம்புலி ஓட்டினார். கழகத்தின் பழைய டிரைவர், ஐம்பதைத் தாண்டியவர். காலை வெயிலில் பாடி பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, மூஞ்ச தூக்கி வெச்சினுகீற? நீ போறேன்னுதானே சொன்னாங்கோ?"

"என் பாதுகாப்பு போகுதுண்ணே."

"ஆங்?"

"நான் போனா எனக்குப் பாதுகாப்பு வேணுமாம். அதான் பாதுகாப்பு மட்டும் போகுது. நான் இங்கயே பத்திரமா கீறேன்."

வேம்புலி ஒரு சிக்னல் தூரம் யோசித்தார். "ஒண்ணியும் பிரில. ஆனா யாரோ நல்லா கீறானுங்கோன்னு மட்டும் பிரிது."

மீனம்பாக்கத்தில் மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். கம்பியோரமாக நஜ்மாவும் மற்றவர்களும் நின்றுகொள்ள, ஜெயசீலி அட்டையைக் குத்திக்கொண்டு உள்ளே போனாள். குளிரூட்டிய காற்று முகத்தில் பட்டது. கண்ணாடிக்கு அப்பால் நிஜ விமானம் ஒன்று வெயிலில் பளபளத்தது. அதை முழுதாகப் பார்ப்பதற்குள் மணவாளன் அவள் தோளில் ஒரு பையை மாட்டினார். தோள் கீழே இறங்கியது.

"இதை நீ வெச்சுக்கோ. அந்தத் தூண் பக்கமா நில்லு. பெட்டியை எடை போட்டு முடிச்சதும் வாங்கிக்கிறேன்."

"இன்னா சார் இது, அம்மிக்கல்லா?"

"ஊறுகா, பருப்புப் பொடி, முறுக்கு, புளிக்காய்ச்சல். ஆறு நாட்டிலும் எனக்கு அந்தச் சாப்பாடு சேராதும்மா."

பெட்டிகள் இரண்டும் மேடைமேல் ஏறின. பெரிய வட்டத்தில் முள் நடுங்கியது. எட்டு வருடமாக உலகம் முழுக்கத் தேடிய தராசு பத்தடி தூரத்தில் நின்றது. மணவாளன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் மனைவியும் மூடிக்கொண்டாள். நாலு கண்களும் மூடியிருந்தன.

"சரியா நாற்பது சார். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு" என்றாள் சீருடையில் இருந்த பெண். ஜெயசீலியின் வயதுதான் இருக்கும்.

மணவாளன் கண்ணைத் திறந்தார். முகத்தில் பரம நிம்மதி. தூண் பக்கம் திரும்பி, மனம் நிறைந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாத்தியா, கூட ஒரு ஆளு வந்தா எவ்வளவு உதவியா இருக்கு! எல்லாரும் மேலேயே போயிட்டா கீழே பிடிச்சுக்க யாரும்மா இருப்பா?"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை.

ஜெயசீலி தூணை விட்டு வந்தாள். அவசரமில்லாமல் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு பெட்டிகளுக்கும் மேலே வைத்தாள்.

"இது யாரோடது?" என்றாள் சீருடைப் பெண்.

"இவரோடதுதாங்க. மறந்துட்டாரு."

"என்னுதில்ல!" மணவாளனின் குரல் கீச்சிட்டது. "அது... அந்தம்மா... ஆய்வுக்காக வந்தவங்க..."

"ஆமாங்க. ஆய்வுதான்." ஜெயசீலி குத்தியிருந்த அட்டையைக் காட்டினாள்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புளிக்காய்ச்சல் வாசனை வரத் தொடங்கியிருந்தது. மணவாளன் அவள் பக்கம் குனிந்தார். "ஜெயசீலி, அடுத்த தடவை நீதான். சத்தியமாச் சொல்றேன். உன் பேரை நானே எழுதறேன். பையை எடும்மா."

ஒரு கணம் அவள் கை பையின் வாரை நோக்கிப் போனது, அது உண்மை. ஜன்னலோர இருக்கை ஒன்று கண்ணில் வந்து போனது. பிறகு மணவாளனின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த தடவையும் இல்லை, அதற்கடுத்த தடவையும் இல்லை. பையைக் கையில் பிடித்திருந்தாலும் இல்லைதான்.

முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பொறுத்தாள். நின்றது.

"ஐம்பத்து நாலரை கிலோ சார்" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

எட்டு வருடத்தில், கழகத்தின் சார்பில், ஒரு விமான நிலையத் தராசில் எடுக்கப்பட்ட முதல் அளவு அது.